பயந்தது ஒன்று, படுத்தியது வேறு

மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள காரிஜினி தேசியப் பூங்காவுக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நான் பயந்துகொண்டிருந்தது பாம்புக்கும் முதலைக்கும். முதலையெல்லாம் வடக்கே கிம்பர்லியில். காரிஜினிப் பிளவுகளில் கிடையாது. பாம்பு உண்டு, ஆனால் பத்து நாளில் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது வீட்டிலிருந்து நானே தூக்கி வைத்த 20 கிலோ அரிசி மூட்டைதான்.

பெர்த்திலிருந்து, வண்டிக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு, சுமார் 1,400 கிலோமீட்டர். இரண்டாம் நாள், மவுண்ட் மேக்னட் தாண்டியதும் எதிரே ரோடு டிரெயின் ஒன்று வந்தது. ஒரு லாரி, பின்னால் வரிசையாக டிரெய்லர்கள். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். அது கடந்த வேகத்தில் கிளம்பிய காற்று கேரவனை ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான், கேரவன் இடமும் வலமுமாக வாலாட்ட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. கால் தானாக பிரேக்குக்குப் போனது. நல்லவேளை, முழுசாக மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டில் இருக்கும் குமிழை அழுத்திக் கேரவனின் பிரேக்கை மட்டும் போட வேண்டும் என்று யாரோ சொன்னது அந்த நொடியில் எப்படியோ ஞாபகம் வந்தது.

ஓரம் கட்டிய இடத்தில், ஓய்வுக்குப் பிறகு கேரவனிலேயே ஊர் சுற்றும் ஒரு வயதான தம்பதி டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவர் எங்கள் கேரவனின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துச் சிரித்தார். அரிசி, தண்ணீர் கேன்கள், அதற்கும் மேல் டேபிள் டாப் கிரைண்டர்! பின்னால் பாரம் ஏறினால் வால் ஆடத்தான் செய்யும். கனமானதெல்லாம் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொக்கியில் இறங்க வேண்டும். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் இடம் மாற்றினோம். அதன்பிறகு எத்தனையோ ரோடு டிரெயின்கள் கடந்தன. லேசான குலுக்கலோடு சரி. (காரிஜினியில் நாங்கள் தங்கிய டேல்ஸ் முகாமில் மின்சாரமே கிடையாது. கிரைண்டரை 1,400 கிலோமீட்டர் சுற்றிக் காட்டியதோடு சரி. அதைப் பற்றி வீட்டில் இப்போதும் பேச்சு வரும்.)

டீசல் கணக்கும் தப்பியது. கேரவனை இழுக்கும்போது எங்கள் வண்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு குடித்தது. மீக்கதராவிலிருந்து நியூமன் நானூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் குமரினா ரோடுஹவுஸ். பெயரைக் கேட்டதும் அம்மாவுக்குக் கன்னியாகுமரி ஞாபகம். கிடைக்கிற இடத்திலெல்லாம் டாங்கை நிரப்பிவிடுவது நல்லது. நாலு மணிக்குமேல் வண்டி ஓட்டாதீர்கள். அந்தி சாய்ந்தால் கங்காருவும் மாடும் ரோட்டுக்கு வந்துவிடும்.

காரிஜினியில் நம் ஊர்போல மலை ஏறி அருவி பார்க்கிற கதையில்லை. சமதரையில் நடந்துகொண்டே இருப்போம், காலடியில் திடீரென்று பூமி பிளந்து நூறு மீட்டர் வரை ஆழம் தெரியும். முதலில் இறக்கம், களைத்தபிறகு ஏற்றம். பாதி தெம்பு தீர்ந்ததுமே திரும்பிவிட வேண்டும்.

ஹான்காக் பிளவில் இதை மறந்தேன். ஜூலை மாதம், காலை ஒன்பது மணி. கூட்டம் வருமுன் போய்விடலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த இரும்புப் படிவங்கள். அடுக்கடுக்காக, கணக்கு நோட்டுகளை அடுக்கி வைத்ததுபோல் சிவப்பு. காய்ந்த இடத்தில் கால் பிடிக்கும். நனைந்த இடம் எண்ணெய் தேய்த்த அம்மிதான். சூரியன் உச்சிக்கு வந்தால்தான் அடியில் வெளிச்சம் விழும். மார்பளவுத் தண்ணீரைக் கடந்ததும் மகளின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. குளிரைத் தாங்கிக்கொண்டாள், விரல்கள்தான் மடங்கவில்லை. அடுத்த இடம் இரண்டு பக்கச் சுவரிலும் கைகால் ஊன்றிச் சிலந்திபோல் நகர வேண்டியது. பிடிக்க முடியாத கையோடு அங்கே போவதா? திரும்பிவிட்டோம்.

மறுநாள் பதினொன்றரைக்குப் போனோம். பழைய கேன்வாஸ் ஷூவைக் கழற்றாமலே தண்ணீரில் இறங்கினோம். மாற்றுச் சட்டையும் துண்டும் தண்ணீர் புகாத பையில். அதே இடம், அதே மகள், சிரித்துக்கொண்டே கடந்தாள். மழை அறிகுறி தெரிந்தால் மட்டும் எந்தப் பிளவிலும் இறங்க வேண்டாம். ஹான்காக் பிளவிலுள்ள ரீகன் கசம், 2004-இல் அடிபட்ட பயணியை மீட்கப்போய் வெள்ளத்தில் உயிரிழந்த மீட்புப்படைத் தன்னார்வலரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பக்கத்திலேயே விட்டனூம் என்று ஓர் ஊர் இருந்தது. நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் இருந்த இடம். அதன் நச்சுத் தூசு இன்னும் உண்டு, அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு ஹான்காக் ஆகாது. அவளை ஃபோர்டெஸ்கியூ அருவிக்குப் படி வழியாக மெல்ல இறக்கி, அதற்கு மேலே ஃபெர்ன் கசத்துக்குக் கூட்டிப்போனேன். அது அந்த மண்ணின் மக்களுக்குப் புனிதமான நீர். குதிக்காமல், சத்தம் போடாமல் இறங்கச் சொல்லிப் பலகை இருக்கிறது. நான் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா மரத்தளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள். தண்ணீரில் காலை விட்டதும் ஒரு துள்ளல். “ஏல, குத்தாலத்துலகூட இப்படிக் குளுராதுல!” சின்ன மீன்கள் வந்து விரல் நுனியைக் கொத்தின. எதிரே அத்திமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் ஆகியும் அம்மா எழுந்திருக்கவில்லை. மேலே ஏற எத்தனை படி என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.