படத்துக்கும் இலக்கணம் உண்டு

நுழையும்முன்

கட்டங்களையும் அம்புக்குறிகளையும் கணினித் திரையில் வரைந்து ஒன்றன் அமைப்பை விளக்குவது இன்று பல துறைகளில் வழக்கமாகிவிட்டது. வரைவதற்குரிய கருவியையே நம் தேவைக்கேற்ப ஆக்கிக்கொள்ளும் வழியைக் குமரி மாவட்டத்துக் கல்வெட்டு ஒன்றின் துணையோடு இப்பாடம் விளக்குகிறது.

மலைமேல் ஒரு கொடை

மார்த்தாண்டத்தை அடுத்துள்ள சிற்றூர் சிதறால். அதன் குன்றைக் கல்வெட்டு திருச்சாணத்து மலை என்று குறிக்கிறது. ஊரார் சொக்கன்தூங்கி மலை என்பர். குன்றின் பாறைமுகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சிங்கமும் குழந்தைகளும் உடனிருக்க அம்பிகா என்னும் இயக்கி நிற்கிறாள். சமணப் பள்ளியாக விளங்கிய இவ்விடம் பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று.

அங்கே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்திகள், அம்மலையின் பட்டாரியார்க்குப் பொன் அணிகலன்கள் அளித்த செய்தியை அது கூறுகிறது. குரவர் என்பதன் பெண்பால் குரத்தி. சமண சமயத்தில் ஆசிரியராக விளங்கிய பெண் துறவியரை அச்சொல் குறித்தது. சில வரிகளில் மன்னன், ஆசிரியர், மாணாக்கியார், தெய்வம், கொடை, மலை என ஆறு செய்திகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. இவற்றைப் படமாக வரைய முற்படுவோம்.

ஆயத்தக் கருவியின் குறை

பொதுவான ஓவிய மென்பொருளில் ஒரு கட்டம் வரைந்து அதனுள் 'கொடை' என்று எழுதலாம். ஆனால், கொடை என்பது யாது என்பதை அம்மென்பொருள் அறியாது. அணிகலன் குரத்தியாருக்கு மாணாக்கர் என்று அம்புக்குறி இட்டாலும் அது மறுக்காமல் ஏற்கும். மென்பொருள் வடிவமைப்போருக்கென 1997இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட யூ.எம்.எல். போன்ற வரைமொழிகளும் உள்ளன. அவை அத்துறையின் சொற்களையே பேசும். கல்வெட்டாய்வாளரின் சொற்கள் அவற்றில் இல்லை.

பிறர் தேவைக்கு ஆக்கப்பட்ட கருவியால் விளையும் தீங்கு இதனினும் பெரிது. 'ஆண்டு' என்னும் இடத்தில் நான்கு இலக்கக் கிறித்தவ ஆண்டை மட்டுமே ஏற்கும் கருவியில் '28ஆம் ஆட்சியாண்டு' என எழுத வழியில்லை. வரகுணனின் காலத்தை ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஆய்வாளர் கணிக்கின்றனர். அக்கணிப்பிலிருந்து ஓர் எண்ணைத் தெரிந்து இட்டுவிட்டால், ஊகம் உண்மையின் உடையைப் பூண்டுவிடும். அடுத்து வருபவர் அதையே சான்றாகக் காட்டுவார். ஆசிரியர், மாணவர் என மனிதரை இரண்டு வகையாகப் பிரித்த கருவியில் குணந்தாங்கிக் குரத்திகளை எங்கே வைப்பது? அவர் ஒருவருக்கு மாணாக்கியார். தம் பட்டத்தால் ஆசிரியர். ஒன்றைத் தெரிந்தால் மற்றொன்று மறையும். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகக் கல் காத்த செய்தியைக் கருவி ஒரு நொடியில் அழித்துவிடுகிறது.

கோலத்துக்கு இலக்கணம்

விதி வேறு, வடிவம் வேறு என்பதைத் தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று முன்பே தெளிவாக்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்து ஆய்வு செய்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், வாசலில் இடும் கோலங்களைக் கணினியியலின் இலக்கண முறையால் விளக்கி 1974இல் கட்டுரை வெளியிட்டனர். சொற்றொடர்க்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம். ஒரு சிறிய வடிவிலிருந்து விதிப்படி பெரிய கோலங்களை வளர்த்தெடுக்கலாம். பெண்கள் தம் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த விதிகளே ஆய்வாளருக்கு முதற்பொருளாயின என்பது எண்ணி மகிழத்தக்கது.

நமக்கென ஒரு கருவி

எக்லிப்ஸ் என்னும் திறந்த மூல மென்பொருள் தளத்தில் இதே முறையில் வரைகருவிகளை ஆக்கலாம். முதலில் துறையின் இலக்கணத்தை எழுத வேண்டும். கல்வெட்டு, மனிதர், தெய்வம், கொடை என்பன பொருள்கள். 'அளித்தார்', 'பெற்றார்', 'இவர்க்கு மாணாக்கர்' என்பன உறவுகள். இங்கே ஆசிரியர் என்பது மனிதரின் வகையன்று, இருவருக்கு இடையிலுள்ள உறவு. அவ்வாறு வகுத்த அளவில் குரத்தியாரின் சிக்கல் தீர்கிறது. படம் வரையத் தொடங்கும் முன்னரே தீர்கிறது என்பதை நோக்குக.

அதன்பின் தோற்றம். மனிதருக்கு வட்டம், கொடைக்குச் சதுரம், மாணாக்கர் உறவுக்குப் புள்ளிக்கோடு என வரையறுத்து, கருவிப்பட்டையில் எந்தப் பொத்தான்கள் இருக்கவேண்டும் என்பதையும் குறிக்கிறோம். 'அவன் வந்தது' என்னும் தொடரை இலக்கணம் ஏற்காததுபோல, அணிகலனிலிருந்து மாணாக்கர் கோடு இழுக்க முயன்றால் இக்கருவி ஏற்காது.

2006இல் எக்லிப்ஸில் வெளிவந்த ஜி.எம்.எஃப். என்னும் கட்டமைப்பு, இவ்வரையறைகளிலிருந்து ஜாவா நிரலை உருவாக்கித் தந்தது. சிறு மாற்றத்துக்கும் நிரலை மீண்டும் உருவாக்க வேண்டியிருந்ததால் நிரலறிஞரின் துணையின்றிப் பயன்படுத்துவது கடினம். பிரான்சு நாட்டின் தாலெஸ், ஒபேயோ நிறுவனங்கள் வளர்த்து 2013இல் எக்லிப்ஸ் வழியே திறந்த மூலமாக்கிய சிரியஸ், வரையறையை நேரடியாகப் படித்தே இயங்குகிறது. வட்டத்தை நீள்வட்டமாக மாற்றினால் அம்மாற்றத்தை உடனே திரையில் காணலாம். கல்வெட்டறிஞரும் நிரலறிஞரும் அருகருகே அமர்ந்து பேசிக்கொண்டே கருவியைத் திருத்த இது இடமளிக்கிறது. பொறியியல் அமைப்புகளை வடிவமைக்கும் கப்பெல்லா என்னும் கருவியும் சிரியஸின்மேல் எழுந்ததே.

திறந்த மூலம் என்பது விலையின்மை மட்டுமன்று. குமரி மாவட்டப் பகுதியின் பிற்காலக் கல்வெட்டுகளில் கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு வருகிறது. நாளை அவற்றையும் சேர்க்க வேண்டின், கருவியின் இலக்கணத்தில் 'கொல்லம் ஆண்டு' என ஒரு கூறு இணைத்தால் போதும். அதற்காக எந்த நிறுவனத்தின் இசைவையும் வேண்டிக் காத்திருக்க வேண்டுவதில்லை. பொத்தான்களின் பெயர்களையும் தமிழிலேயே அமைக்கலாம். எழுத்துச் சிதைந்த இடங்களை 'ஐயம்' எனக் குறிக்கும் அடையாளத்தையும் கருவியிலேயே சேர்த்துவிடலாம். அது இல்லாத கருவியைக் கல்வெட்டாய்வுக்கு ஏற்றதெனக் கொள்ள இயலாது.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊர்க் கோயிலிலோ குளக்கரையிலோ உள்ள கல்வெட்டு ஒன்றின் பதிப்பிக்கப்பட்ட பாடத்தைப் படித்து, அதிலுள்ள பொருள்களையும் உறவுகளையும் தாளில் பிரித்தெழுதுக. வட்டமும் கோடும் அதன்பின் வரைக.

கொடுத்தவர் ஒருவர் அல்லர், ஊர்ச்சபை எனின், மேற்கண்ட இலக்கணத்தில் எதை மாற்றுவீர்கள்? வகுப்பில் கலந்துரையாடுக.