மறதிநோய் முதியோர் இல்லத்தில் குளியலறைச் சாமான்கள்: முழுமையான வழிகாட்டி

விடியற்காலை ஐந்து மணி. கழிப்பறைக்குள் போன ஆத்தா வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால், சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுகிறார். மக் அவர் காலடியில்தான் இருந்தது. வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளை மக். அவர் கண்ணுக்கு அது படவே இல்லை.

இந்தியாவில் 60 வயதைத் தொட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான லாசி-டாட் ஆய்வு கணித்தது. சேலம், நாமக்கல் பக்கம் அப்படிப்பட்ட பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டோர் ரூமில் எத்தனை பெட்டி அடுக்கியிருந்தாலும், அவர் கைக்கு எட்டாத சோப்பு இல்லாத சோப்புதான்.

படி 1: பழைய பழக்கத்தைக் கேளுங்கள்

வீட்டாரிடம் கேட்டு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த சோப்பு, சீயக்காயா ஷாம்பூவா, பல்பொடியா பேஸ்ட்டா? நாற்பது வருடம் ஹமாம் தேய்த்தவருக்குப் பாட்டிலில் வரும் திரவ சோப்பு சோப்பாகவே தெரியாது. தறி ஓட்டிய அப்பாரு ஒருவர் தினமும் சுவரில் ஒரே இடத்தைத் தடவுவார். வீட்டில் சோப்பு மாடத்தில் இருக்கும் என்று மகள் சொன்ன பிறகுதான் புரிந்தது. அந்த உயரத்தில் ஒரு சின்னப் பலகை அடித்தோம். மறுநாளே தானாக எடுத்துக்கொண்டார்.

படி 2: கண்ணில் படும்படி வையுங்கள்

மக்கும் பக்கெட்டும் சிவப்பு அல்லது கருநீலமாக இருக்கட்டும். சோப்பு ஒன்று, துண்டு ஒன்று. அதற்கு மேல் வெளியே வேண்டாம், குழம்பிப்போவார்கள். துண்டுக்குக் குமாரபாளையம், பள்ளிபாளையம் தறித்துண்டே போதும். மெல்லிசாக இருப்பதால் மழைக்காலத்திலும் காய்ந்துவிடும். ஆளுக்கு நான்கு.

படி 3: பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள்

இதில் மட்டும் சமாதானமே கூடாது. தெருவில் வண்டியில் வரும் வெள்ளை பினாயில் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் வருகிறது. பார்க்கப் பால் மாதிரி இருக்கும். தாகத்தில் கை நீட்டுகிறவருக்கு அது பினாயில் என்று யார் சொல்வது? வாங்கிய உடனே அடர்நிறக் கேனுக்கு மாற்றி, பெயர் எழுதி, பூட்டுங்கள். போர் தண்ணீரின் உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் இங்கே அதிகம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

படி 4: எப்போது வாங்குவது என்று கணக்குப் போடுங்கள்

ஆறு பேருக்கு டயப்பர், ஆளுக்கு நாளைக்கு நான்கு என்றால் 24. சரக்கு வர மூன்று நாள், கையிருப்பு நான்கு நாள். ஆக ஏழு நாளுக்கு 168. பத்து கொண்ட பாக்கெட்டில் 17. இருப்பு அந்த அளவுக்கு இறங்கிய அன்றே ஆர்டர் போடுங்கள். பொங்கலுக்கும், சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் முன்னால் இன்னொரு வாரச் சரக்கு சேர்த்து வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் நுரை வராததால் சோப்பு சீக்கிரம் கரையும், தோலும் வறளும். தேங்காய் எண்ணெயையும் பட்டியலில் சேருங்கள்.

படி 5: டயப்பர்

இடுப்பை இஞ்ச் டேப்பால் அளந்து, பாக்கெட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பெரிய சைஸ் அதிகம் உறிஞ்சும் என்பது தவறு, தொடையோரம் ஒழுகும். நடமாடுகிறவருக்கு பேண்ட் வகை, படுத்திருப்பவருக்கு டேப் வகை. பயன்படுத்தியதைத் தாளில் சுற்றிக் குப்பை எடுக்க வருகிறவரிடம் தனியாகக் கொடுங்கள், கழிவறையில் போடாதீர்கள்.

படி 6: இரவு ஒன்பது மணிச் சுற்று

நைட் டூட்டிக்கு வருகிறவர் ஒவ்வொரு குளியலறையிலும் தண்ணீர், மக், சோப்பு, துண்டு நான்கையும் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடட்டும். சோப்பு காணவில்லையென்றால் தலையணை அடியில் பாருங்கள். பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள். “எதுக்குங்க ஆத்தா எடுத்தீங்க?” என்று கேட்க வேண்டாம். குளியலறையில் புதிதாக ஒன்றை வைத்துவிட்டு, அவர் தூங்கிய பிறகு பழையதை எடுத்துக்கொள்ளுங்கள்.