மேன்சனும் கொசுவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் மேன்சன் (1844–1922), யானைக்கால் நோய்ப் புழுவைக் கண்டுபிடித்து, அது கொசுக்கடியால் பரவுவதையும் மெய்ப்பித்தவர் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அதன் இரு பகுதிகளுமே பிழையானவை. அப்புழுவின் நுண்ணிய இளம் பருவத்தை மனித இரத்தத்தில் 1872-இல் கண்டவர் கல்கத்தாவில் பணியாற்றிய டிமதி லூயிஸ்; முதிர்ந்த புழுவை 1876-இல் கண்டெடுத்தவர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர் ஜோசப் பான்கிராஃப்ட்.

மேன்சன் விடை தேடிய கேள்வி வேறு: இரத்தத்தில் திரியும் அந்த நுண்புழு அங்கேயே வளராமல் நிற்பது ஏன்? சீனத் துறைமுகமான அமாயில் 1877-இல், நுண்புழு மிகுந்திருந்த தம் தோட்டக்காரர் ஹின் லோவைச் சிற்றறை ஒன்றில் உறங்கவைத்து, அருகே விளக்கேற்றி, கொசுக்கள் நுழையும்வரை கதவைத் திறந்துவைத்துப் பின் அடைத்தார். இரத்தம் குடித்து வயிறு பருத்த கொசுக்களை மறுநாள் முதல் அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, புழுக்கள் தம் உறையைக் கழற்றிவிட்டுக் கொசுவின் மார்புத் தசைகளுக்குள் புகுந்து வளர்வதைக் கண்டார். நோய் தரும் ஒட்டுண்ணிக்கு இரத்தம் உறிஞ்சும் பூச்சியே வளர்ப்பிடமாகிறது என்ற இந்த மகத்தான கண்டுபிடிப்பில், தன் உடலைத் தந்த ஹின் லோவின் பெயரும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.

ஆனால் கொசு ஒருமுறை மட்டுமே இரத்தம் குடித்து, முட்டையிட்டபின் நீரில் விழுந்து சாகிறது என்றும், அந்த நீரைப் பருகுவோரை நோய் பற்றுகிறது என்றும் மேன்சன் கருதினார். 1894-இல் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்புண்டு என்று அவர் எழுதி, ரொனால்ட் ராஸை ஆய்வுக்குத் தூண்டியபோதும் இப்பிழை உடன் வந்தது; 1898-இல் பறவை மலேரியாக் கிருமியைக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ராஸ் கண்ட பிறகே கடியின் பங்கு தெளிவாயிற்று. யானைக்கால் புழு கொசுவின் உறிஞ்சுகுழலை வந்தடைவதை 1900-இல் ஜார்ஜ் லோ காட்டினார்.

யானைக்கால் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைப் பகலில் செய்தால் போதும் என்பது மற்றொரு தவறான எண்ணம். நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கி, இரவில்தான் தோலை ஒட்டிய இரத்தத்துக்கு வருகின்றன. இந்த இரவு ஒழுங்கை அமாயில் கண்டறிந்தவரும் மேன்சனே. யானைக்கால் நோய்த் தடுப்புப் பணியாளர்கள் இரவில் கதவைத் தட்டி விரல் நுனியில் இரத்தம் கேட்பது இதனால்தான். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.