புல்தரையும் பூசணிப் பிஞ்சும்

நகரக் குடியிருப்புகளில் பலர் ஒன்றுகூடிப் பொதுத் தோட்டம் அமைப்பது பெருகிவரும் ஒரு நல்ல வழக்கம். நடுவே பசும்புல்தரை; ஓரங்களில் கத்தரி, வெண்டை, பூசணிப் பாத்திகள். இத்தோட்டங்களில் ஒரு குறை அடிக்கடி எழுவதுண்டு: பூசணிக் கொடி செழித்துப் படர்கிறது, பூக்கவும் செய்கிறது, ஆனால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லை என்றெண்ணி மேலும் உரமிடுகிறோம், பயனில்லை. பல வேளைகளில் இதற்கான காரணம் பாத்தியில் இல்லை. நடுவிலுள்ள புல்தரையில் இருக்கிறது.

ஒரு காலைப்பொழுதின் பணி

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீ ஒன்று ஆண்பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அது வராவிடில் பிஞ்சு பிழைப்பதில்லை. கத்தரிப் பூவோ தன் மகரந்தத்தை நுண்துளையுள்ள குழல்களில் பொதிந்து வைத்திருக்கிறது. கருவண்டு அப்பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து அதிர்விக்கும்போதுதான் மகரந்தம் நன்கு உதிர்கிறது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளுள் நான்கில் மூன்று பங்கு, ஓரளவேனும் இத்தகைய உயிர்களைச் சார்ந்துள்ளன என்று 2016-இல் வெளிவந்த பன்னாட்டு அறிவியல் மதிப்பீடு கூறுகிறது.

புல்தரையில் நிகழ்வது என்ன?

புல், காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறுவது. ஆகவே புல் மட்டுமே வளரும் தரையில் தேனீக்கு உணவு மிகக் குறைவு. அதனிடையே தானாக முளைக்கும் தும்பை போன்ற சிறு பூண்டுகளே அதற்கு விருந்து. நாமோ அவற்றைக் களை என்று அழிக்கிறோம். கறையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் அஞ்சிப் பூச்சிக்கொல்லி தெளிக்கிறோம். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் உள்ளே ஊடுருவி, மகரந்தத்திலும் தேனிலும் கலந்துவிடுகின்றன. அவ்வகை மருந்துகள் சிறிதளவே உட்சென்றாலும் தேனீ வழி மறந்து, கூடு திரும்பாமல் மடியக்கூடும். இந்தக் காரணம் பற்றியே ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகை மருந்துகள் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதை 2018-இல் தடை செய்தது. அதே தரையில்தான் நம் குழந்தைகள் வெறுங்காலுடன் விளையாடுகின்றனர். முகக்கவசமின்றி மருந்து தெளிக்கும் தோட்டக்காரரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நஞ்சுக்கு வேலி இல்லை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின்மீது 2000-ஆம் ஆண்டுவரை ஹெலிகாப்டர் மூலம் என்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அது பூச்சியோடு நிற்கவில்லை. சுற்றியுள்ள ஊர்களின் மக்கள் பட்ட துயரை நாடறியும். 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. இதற்கு மாறான வழியை சிக்கிம் காட்டியது. 2003-இல் இயற்கை வேளாண்மைக்குத் திரும்ப முடிவு செய்த அம்மாநிலம், 2016-இல் முழுமையான இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு விளையும் பெரிய ஏலக்காய்க்கு மகரந்தம் சேர்ப்பதும் ரோமம் அடர்ந்த ஒரு பெருந்தேனீயே.

நஞ்சின்றிப் பேணும் முறை

நஞ்சை விட்டால் புல்தரை பாழாகிவிடாது. நமது அருகம்புல் எளிதில் மடிவதன்று. அதற்கு வேண்டுவது பொறுமையான கவனிப்பே.

1. புல்லை ஒட்ட வெட்டலாகாது. ஒருமுறை வெட்டும்போது அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். சற்று உயர்ந்த புல் களையைத் தானே அடக்கும்.

2. வெட்டிய துணுக்குகளைத் தரையிலேயே மெல்லியதாகப் பரப்பிவிடலாம். அவை மக்கி உரமாகும்.

3. தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு, வேர்வரை நனையுமாறு காலையில் நீர் பாய்ச்சுவது நன்று.

4. இறுகிய மண்ணை முட்கருவியால் குத்தி இளக்கி, சலித்த மக்கிய எருவையும் சிறிது வேப்பம் புண்ணாக்கையும் தூவலாம். கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும்.

5. வேப்பங்கொட்டைக் கரைசலானாலும் பூக்களின்மேல் படாமல், தேனீக்கள் அடங்கியபின் மாலையில் தெளிக்க வேண்டும்.

தேனீக்கு ஓர் இடம்

புல்தரையின் ஒரு பகுதியையேனும் பூச்செடிகளுக்கு ஒதுக்குவோம். துளசி, சூரியகாந்தி, பூக்கவிட்ட கொத்தமல்லி, முருங்கை, புங்கம் ஆகியவை மாறி மாறிப் பூத்து ஆண்டு முழுதும் உணவளிக்கும். இதழ்கள் மிக அடுக்கிய அலங்கார மலர்களில் தேனும் மகரந்தமும் அரிதாகவே எட்டும். தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. தனித்தனியே மண்ணில் வளை தோண்டி வாழ்கின்றன. அவற்றுக்காகச் சிறிது வெற்றுமண்ணையும், கருவண்டுக்காக உலர்ந்த ஒரு மரக்கட்டையையும் விட்டுவைக்கலாம். கூழாங்கற்கள் இட்ட தட்டில் நீர் வைத்தால் அவை மூழ்காமல் பருகும்.

ஸ்ரீமத் பாகவதத்தின் 11-ஆம் ஸ்கந்தத்தில் அவதூதர் யது மன்னனிடம் தம் 24 குருமார்களைப் பற்றிக் கூறுகிறார். அவர்களுள் தேனீயும் ஒருவர். மலருக்குத் தீங்கு செய்யாமல் ஒவ்வொன்றிலும் சிறிதளவே பெறுவதை அவர் அதனிடம் கற்றார். நாமும் மண்ணிடம் அவ்வாறே பெறப் பழக வேண்டும். குருவாக மதிக்கப்பெற்ற அவ்வுயிருக்கு நம் முற்றத்தில் நஞ்சு வைக்கலாமா? அடுத்த முறை குடியிருப்போர் கூடும்போது இதனை எடுத்துரைப்போம். முதலில் ஒரு பாத்தி அளவேனும் மருந்தின்றி விட்டுப் பார்ப்போம். விடியலில் பூசணிப் பூவருகே சற்று நின்றால், வருவது யார் என்று தெரியும்.