மதரஸாவுக்கு முந்திய ஐந்து வருடங்கள்

பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கியதும் பிஸ்மி ஓதி, இனிப்பு வழங்கி, மதரஸாவில் சேர்க்கிறோம். படிப்பு அன்றுதான் ஆரம்பமாவதாக எண்ணுகிறோம். ஆனால், அதற்குள் குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளையளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. உஸ்தாதின் முன் உட்காருமுன்பே வீட்டில் ஒரு பெரும் பாடம் நடந்து முடிந்துவிடுகிறது.

இதில் உணவின் பங்கை எல்லோரும் அறிவோம். பால்குடியை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று சூரத்துல் பகராவின் 233-ஆம் வசனம் கூறுகிறது. 6 மாதத்துக்குப்பின் பாலோடு பருப்புச் சோறு, கீரை, முட்டை சேர வேண்டும். இரும்புச் சத்து குறைந்த பிள்ளை சோர்ந்து, கவனமின்றி இருக்கும். அதற்கு 'மந்தம்' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா? ஜமைக்கா நாட்டில் 1980-களில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குப் பால்மாவு தந்தார்கள். சிலருடைய வீட்டுக்கு வாரம் ஒருமணி நேரம் சென்று, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் கற்றுக் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பேச்சும் விளையாட்டும் பெற்ற பிள்ளைகளின் சம்பாத்தியம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. பால்மாவு மட்டும் பெற்றோரிடம் அந்தப் பலன் காணப்படவில்லை.

மங்கலம் போன்ற விசைத்தறி ஊர்களில் இதைத்தான் யோசிக்க வேண்டும். தறிக்குடோனின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். நாம் சாதாரணமாகப் பேசுவதோ 60 டெசிபல்தான். தறியோரம் தொட்டில் கட்டினால், குழந்தை உதட்டசைவைப் பார்க்கும்; சொல்லைக் கேட்காது. தறி ஓடாத இடத்தில் நன்னியோ அக்காளோ வைத்துக்கொள்வது மேல். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து அலுத்து வரும் தாயைக் குறை சொல்வது நியாயமல்ல. ஹலாலான சம்பாத்தியம் அது. அத்தாவுக்கும் இதில் கடமையுண்டு. சோறூட்டும்போது கையில் செல்போனைக் கொடுக்காமல், காக்கையைக் காட்டிப் பேசினாலே போதும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூ உமைர் என்ற சிறு பையனிடம், அவன் வளர்த்த குருவியைப் பற்றி விசாரித்ததை ஹதீஸில் காண்கிறோம். எத்தனை பெரிய பொறுப்புகளுக்கிடையே அந்த விசாரிப்பு!

கிராமங்களில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்றும் அங்கன்வாடியில் சோறும் முட்டையும் உண்டு. அத்தோடு பாட்டும் விளையாட்டும் உண்டு. சத்துமாவை மட்டும் வாங்கிக்கொண்டு பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறவர்கள் பாதிப் பங்கை அங்கேயே விட்டு வருகிறார்கள்.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, 'எங்கள் வம்சமே தாமதமாகத்தான் பேசும்' என்று விட்டுவைக்கலாகாது. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இருமுறை பார்க்க மருத்துவக் குழு வருகிறது. அது வரும் நாளை டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.