கிணற்றில் விழுந்த எருதும் கரையொதுங்கிய ஆமையும்



ஓய்வுநாளில் தமது எருது கிணற்றில் விழுந்தால் அதைத் தூக்கிவிடாதவர் உங்களில் உண்டோ என்று ஆண்டவர் பரிசேயரைக் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை.

2020 நவம்பர் 2ஆம் திகதி பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. கொள்ளைநோயின் பொருட்டு ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த வேளை. ஆயினும் கடற்படையினரோடு ஊர் மக்களும் அலைக்குள் இறங்கி, இரவிரவாக அவற்றை ஆழத்துக்குத் தள்ளினார்கள். சில இறந்தன, மற்றவை கடல் சேர்ந்தன. அந்த எருதின் கதை மீண்டும் நடந்ததாகவே எமக்குத் தோன்றியது.

ஆனால் நல்ல மனம் மட்டும் போதாது. திமிங்கிலத்தைத் தள்ளியதுபோல் ஆமையையும் தள்ளிவிடலாம் என்று எண்ணாதீர்கள். பகலில் கரையில் சோர்ந்து கிடக்கும் ஆமை பெரும்பாலும் நோயுற்றது அல்லது காயப்பட்டது; திரும்பக் கடலில் விட்டால் அது மூழ்கி இறக்கக்கூடும். நிழல் செய்து, ஈரத் துணியால் ஓட்டை மூடுங்கள், மூக்கை மூடவேண்டாம். துடுப்பைப் பிடித்து இழுக்கவேண்டாம். நாய்களையும் வேடிக்கை பார்ப்போரையும் விலக்கி, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வலையில் அகப்பட்ட ஆமையைப் பற்றி எமது கடற்றொழிலாளர் குடும்பங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஆமைக்கும் நம்மைப்போல் சுவாசப்பை உண்டு. மேலே வந்து மூச்செடுக்க முடியாவிட்டால் நீருக்குள் மூச்சடைத்துப்போகும். வலையோடு ஏறும்போது அசைவற்றுக் கிடக்கும். செத்துவிட்டதென்று திரும்ப எறிகிறோம். உண்மையில் அப்போதுதான் அது சாகிறது! அதை மல்லாத்தாமல், வயிறு கீழே இருக்கும்படி வள்ளத்தில் கிடத்தி, பின்பக்கத்தை அரையடியாவது உயர்த்தி வையுங்கள். நுரையீரலில் ஏறிய நீர் வடியும். நிழலும் ஈரமும் வேண்டும். இடையிடையே கண்ணோரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரம் பொறுக்கவேண்டும். சிலவேளை 24 மணி நேரமும் செல்லலாம். உயிர்த்து நன்றாக அசையத் தொடங்கியபின், இயந்திரத்தை நிறுத்தி, வலையில்லாத இடத்தில் மெதுவாக இறக்கிவிடுங்கள்.

தொழிலுக்குப் போனவனுக்கு இவ்வளவு பொறுமை எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வீண் வில்லங்கம் வருமோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. கரைக்கு வருமுன்பே தொலைபேசியில் அறிவித்துவிட்டால் அந்த அச்சம் குறையும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஆமை இறைச்சி வடபகுதிக் கரைகளில் ஒருகாலம் விருந்துணவாக இருந்தது. இன்று நமது கடலுக்கு வரும் ஐந்து இன ஆமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. இறைச்சியையோ முட்டையையோ வைத்திருப்பதும் குற்றமே. செத்து ஒதுங்கியதையும் வெட்டவேண்டாம். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபின் ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, காரணம் அறிய அந்த உடல்களையே பரிசோதித்தார்கள்.

இரவில் கரையேறி மணலைத் தோண்டும் ஆமை வேறு. அது முட்டையிட வந்த தாய். விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அப்பால் போய்விடுங்கள்.