வேர்ட்பிரஸை அப்டேட் செய்ததும் லாகின் ஆகவில்லையா?

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் விடுபவர், கஸ்டம்ஸ் ஏஜென்ட், மீஞ்சூரில் டியூஷன் நடத்துபவர் என்று யாரானாலும் சரி, வேர்ட்பிரஸில் சொந்தத் தளம் வைத்திருந்தால் இந்தக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்தைச் செய்து கொடுத்த பையன் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ! அவரைத் தேடாமலே பெரும்பாலான கோளாறுகளை நாமே சரிசெய்யலாம்.

1. பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள். முகப்புப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் தளம் நன்றாகத்தான் இருக்கிறது, சிக்கல் லாகினில் மட்டும். முதலில் வேறு போனிலோ, பிரவுசரின் பிரைவேட் விண்டோவிலோ முயன்று பாருங்கள். பழைய குக்கீயே காரணமாக இருந்தால் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

2. பிளகின் முறிந்து தளமே நின்றுபோனால் மெயிலைத் திறந்து பாருங்கள். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி நேர்ந்தால் வேர்ட்பிரஸே நிர்வாகியின் மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்புகிறது. அதன் வழியே நுழைந்தால், கெட்டுப்போன பிளகின் உங்களுக்கு மட்டும் நிறுத்தப்பட்டிருக்கும். லிங்க் ஒரு நாள்தான் செல்லும், ஸ்பாமிலும் தேடுங்கள். அந்த மெயில் முகவரி இன்னும் தளம் செய்தவருடையதாகவே இருந்தால் லிங்க் அவருக்குத்தான் போகும். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய் இன்றே உங்கள் முகவரிக்கு மாற்றுங்கள்.

3. மெயில் வரவில்லையா? ஹோஸ்டிங் கணக்கின் ஃபைல் மேனேஜரில் 'டபிள்யூபி-கன்டென்ட்', அதற்குள் 'பிளகின்ஸ்'. அங்கே லாகினைக் கையாளும் பிளகினின் ஃபோல்டரை மட்டும் பெயர் மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் விட்டுவிட்டு, தன் வழக்கமான லாகின் பக்கத்தைக் காட்டும். பிளகின்ஸ் ஃபோல்டர் முழுவதையும் பெயர் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவையும் சேர்ந்து நின்றுவிடும், பிறகு ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். லாகின் முகவரியை மறைக்கும் பிளகின் என்றால், அதை நிறுத்தியதும் பழைய 'டபிள்யூபி-லாகின்' முகவரியே வேலை செய்யும். பாதுகாப்புப் பிளகின் நின்றிருக்கும் நேரத்தை நீட்ட வேண்டாம்.

4. சரியான பாஸ்வேர்டையே 'தவறு' என்கிறதா? 2025 ஏப்ரலில் வந்த 6.8 பதிப்பு, பாஸ்வேர்டைச் சேமிக்கும் முறையை 'பிகிரிப்ட்' என்பதற்கு மாற்றியது. வேர்ட்பிரஸ் பழைய பாஸ்வேர்டையும் ஏற்கும். ஆனால் பாஸ்வேர்டைத் தானாகவே பழைய முறையில் சரிபார்க்கும் பிளகின் தடுமாறும். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பிளகினைப் புதுப்பியுங்கள் அல்லது வேறு பிளகினுக்கு மாறுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பினாலோ, புது முறையில் சேமித்த பாஸ்வேர்டுகள் செல்லாது.

5. இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆப் தரும் ஆறு இலக்க எண்ணை ஏற்கவில்லை என்றால் போனின் நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள். பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை அந்த எண் மாறும்.

6. பல தடவை தவறாக அடித்துப் பூட்டிக்கொண்டதா? வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் முயலுங்கள்.

7. லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வந்தால், ஹோஸ்டிங் கணக்கின் டேட்டாபேஸில் பதிவான தள முகவரி 'ஹெச்டிடிபிஎஸ்' என்று தொடங்குகிறதா பாருங்கள். கேஷையும் காலி செய்யுங்கள்.

8. அடுத்த அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க முடியுமா? ஒரு பிரதி கிளவுடில் இருக்கட்டும்.

9. கப்பல் கட்-ஆஃப் நாளில் அப்டேட் வேண்டாம். வேர்ட்பிரஸையும் அது ஓடும் பிஹெச்பியையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். எதனால் கெட்டது என்றே தெரியாமல் போகும். நம்பிக்கையான இன்னொருவர் பெயரிலும் நிர்வாகிக் கணக்கு ஒன்று வையுங்கள். லாகின் பிளகினுக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்த பிறகு நீங்களே கையால் அப்டேட் செய்யுங்கள்.